எட்டுக் கல் தூரம் வந்த குரல்

என் மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "அவன் கொரலு உன் காதுல உயுந்துகினே இருக்கணும். அப்படின்னா இட்டுகினு போ."

அவன் என்றால் அவளுடைய தம்பி, என் மச்சான். நூம்பலில் பிறந்து வளர்ந்தவன். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். பதினெட்டு வயதில் அவனுக்கு வலிப்பு வந்தது. மாத்திரையில் அடங்கி, ஆறு வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. கோவில்பதாகையில் எங்கள் வீட்டிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போவது எங்கள் இருவருக்கும் நெடுநாள் ஆசை. அவன் அக்கா மட்டும் லேசில் ஒப்பவில்லை.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் முன்னால், அவன் பின்னால். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் நான் பெல் அடிப்பேன். அவன் "கீறேன்" என்று, அதாவது இருக்கிறேன் என்று, கத்த வேண்டும். சேலத்துக்காரனான எனக்கு அந்தச் சொல் எப்போதுமே வேடிக்கை. எதைக் கீறுகிறாய், மாங்காயையா என்று கல்யாணமான நாளிலிருந்து அவனைச் சீண்டிக்கொண்டிருக்கிறேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நான்கு ஞாயிறு ஒத்திகைகூடப் பார்த்தோம்.

திரும்பிப் பார்க்காமல் ஓட்டவும் பழகிக்கொண்டேன். பை கட்டிய சைக்கிளில் தலை திரும்பினால் ஹேண்டிலும் கூடவே திரும்பும். கிளம்பிய இரண்டாம் நாள் அப்படித்தான் மண்ணைக் கவ்வினேன்.

ஏழாம் நாள் மதியம் ராதாபுரம் தாண்டிக் காவல்கிணறு பக்கம் திரும்பினோம். ஆடி மாதம். கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று நேராக முகத்தில் அறைந்தது. செம்மண், பனை, உடைமரம், அவற்றுக்கு மேலே கண்ணுக்கெட்டிய தூரம் வரை மின்சாரக் காற்றாடிகள். மனித வாடையே இல்லை, ஆனால் எதுவும் சும்மா நிற்கவும் இல்லை. காற்றாடி இறக்கைகளின் நிழல் சாலையைக் குறுக்கே கடந்துகொண்டே இருந்தது. யாரோ ஓடுகிறார்கள் என்று இரண்டு முறை பிரேக் பிடித்தேன். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. சீக்கிரம் கடந்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

கல் வந்தது. பெல் அடித்தேன். "கீறேன்." அதன் பிறகு ஒவ்வொரு கல்லிலும் "கீறேன்." பயல் களைக்கவே இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

ஒரு டீக்கடை தென்பட்டதும் இறங்கி இரண்டு டீ சொன்னேன். கடைக்காரர் ஒரு டம்ளரைத்தான் எடுத்தார். "நீங்க ஒத்தையிலல்லா வாறிய. தூரத்துலயே பாத்தேன்."

அப்போதுதான் திரும்பினேன். சாலை நூல் பிடித்தாற்போல நேராகக் கிடந்தது. அதில் யாருமே இல்லை.

எதிர்காற்றில் பின்னால் வருபவன் குரல் முன்னால் வராது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. காதோரத்தில் கேட்பது போல, அவ்வளவு தெளிவாகக் கேட்டிருந்தேன்.

வந்த வழியே விட்டேன். இப்போது காற்றே சைக்கிளைத் தள்ளியது. மிதிக்க வேண்டிய தேவைகூட இல்லை. ஒவ்வொரு கல்லிலும் பெல் அடித்தேன், எங்கிருந்தும் பதில் இல்லை. அவன் அக்காவுக்கு என்ன சொல்வேன், என்ன சொல்வேன் என்று வாய்விட்டு அழுதுகொண்டே போனேன். எட்டாவது கல்லில் அடித்தபோது உடைமரப் புதருக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

"கீறேன்."

சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நாக்கைக் கடித்து வாயோரமெல்லாம் ரத்தம். ஓட்டும்போது தூக்கம் வருகிறதென்று மூன்று நாளாக மாத்திரையை விழுங்காமல் பையிலேயே வைத்திருந்திருக்கிறான். விழுந்ததுகூட அவனுக்கு நினைவில்லை. பெல் சத்தத்தில்தான் கண் விழித்தானாம். அதற்கு முன் பதில் கொடுத்தாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தான்.

பின்னாலேயே பைக்கில் வந்த கடைக்காரர் ஒரு லோடு ஆட்டோவை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார். இரண்டு நாள் கழித்து ரயிலில் திரும்பினோம்.

மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இவன் அங்க உயுந்து கெடந்தான். அப்போ எட்டு கல்லுக்கும் உனுக்கு யாரு பதில் சொன்னது?"



மச்சான் இப்போது மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறான். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வருகிறான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "மாமா, கீறியா?" என்று குரல் கொடுப்பான். நான் உள்ளேயிருந்து பதில் சொல்வதில்லை. எழுந்து வாசல் வரை போய், நிற்பது அவன்தானா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.