என் யோசனைக்குக் கிடைத்த ஆசிரியர்

இன்று சித்தேரியிலிருந்து அரூர் வரும் பேருந்தில், கல்லூரி மாணவி ஒருத்தி கைப்பேசியைப் பார்த்துத் தோழிக்கு உரக்க வாசித்தாள்:

"சூப்பர் ஹீரோ படத்தின் இரண்டாம் பாகத்தில் நாயகன் வெறுமனே பறத்தல் போதாது. மலைமக்களின் புளி மூட்டைகளைச் சந்தையில் இறக்குதல் வேண்டும். அடிமாட்டு விலை கேட்கும் தரகனே வில்லன்!"

"செம ஐடியாடி! யாரு எழுதுனது?"

"பேரு போடல. தமிழப் பாத்தா எவனோ காலேஜ் வாத்தியாரு."

நம் ரசிகர் குழுவில் நேற்று அதைப் பதிவிட்டவள் நான். எட்டாம் வகுப்புக்குப் பின் நூலகத்திலேயே தமிழ் பயின்றவள்.

"அதனை எழுதியவள் நானே" என்று அறிவித்தேன்.

அவள் என்னையும் என் காலடியில் இருந்த புளி மூட்டையையும் பார்த்தாள்.

"சரிங்கக்கா. மூட்டையக் கொஞ்சம் தள்ளி வைங்க, கால் வைக்க எடமில்ல."

நண்பர்களே, மூன்றாம் பாகத்துக்கும் யோசனை தயார். என் படத்துடன் வெளியிடவா, அல்லது கண்ணாடி அணிந்த ஆடவர் எவரேனும் தம் படத்தைத் தந்துதவுவீர்களா?