மால் முழுக்க எங்கள் ஊர் பேர்

இரண்டு வருடங்களுக்கு முன், என் மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த கையோடு நடந்தது இது. இடம், சென்னையில் ஒரு பெரிய மால். செஞ்சிக் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவளுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு ஒரு வேலையும் இல்லை. கொரியாவிலிருந்து வந்த ஐந்து பையன்களைப் பார்க்கிற வேலை என் மகளுக்குத்தான் இருந்தது.

அந்த ஐந்து பேரும் ஒரு குழுவாகச் சேர்ந்து பாடி ஆடுகிறவர்கள். அப்போது எங்கள் வீட்டில் அவர்கள் ராஜ்ஜியம்தான். ஆளுக்கொரு நிறத்தில் தலைமுடி. ஐந்து பேரும் வரிசையாக நின்றால் எங்கள் கடை ரிப்பன் பெட்டியைத் திறந்து வைத்தது போலிருக்கும். "இன்னாடி இது, ஒருத்தனுக்காச்சும் கருப்பு முடி இருக்குதா?" என்று நான் கேட்டுவிட்டால் போதும், அன்று முழுக்க அவள் என்னோடு பேச மாட்டாள். புது ஆல்பத்துக்கு விளம்பரம் செய்ய அவர்கள் சென்னைக்கு வருகிறார்கள், மாலில் மேடை போட்டுக் கொஞ்ச நேரம் நின்று கையசைப்பார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் முதலில் முடியவே முடியாது என்றார். மகள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "நைனா, அம்மாவும் கூட வரட்டும் நைனா, ப்ளீஸ் நைனா" என்று குழைந்தாள். மனுஷன் உருகிவிட்டார். என்னைப் பார்த்து, "நீயும் போய்ட்டு வா. பம்ப மட்டும் மறந்துடாத" என்றார்.

பம்பு என்றால் இன்ஹேலர். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். தூசியோ புகையோ ஊதுபத்தியோ, எது எப்போது ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று சொல்லவே முடியாது. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் பம்பை வாயில் வைத்து அடித்தால் அடங்கிவிடும். அடிக்காமல் விட்டால் ஆஸ்பத்திரிதான். ஒரு தீபாவளிக்கு அப்படித்தான் விழுப்புரம் வரை ஆம்புலன்ஸில் போனோம். அந்தப் பயம் எனக்கு இன்னும் தெளியவில்லை. அதனால் நான் கூட இருக்கிற இடத்தில் பம்பு என் கைப்பையில்தான் இருக்கும். அவளும் அதற்கே பழகிவிட்டாள். மூச்சு இழுத்தால் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டுவாள், நான் எடுத்துக் கொடுப்பேன்.

விடிகாலை பஸ்ஸில் கிளம்பினோம். திண்டிவனம் தாண்டியும் அவள் வாய் ஓயவில்லை. அந்த ஐந்து பேரின் பெயரையும் வரிசையாக, ஒரு தாளத்தோடு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பாட்டில் எங்கே இடைவெளி வருகிறதோ அங்கே ரசிகர்கள் எல்லாரும் ஒரே குரலில் அப்படிக் கத்த வேண்டுமாம். ஒருத்தி முந்திக்கொண்டாலும் மானம் போய்விடுமாம்.

"இதுக்கு சாமி பேர சொன்னாலும் புண்ணியமாச்சும் கெடைக்கும்" என்றேன்.

"உனுக்குப் புரியாதும்மா. அவ்ளோ பேரும் ஒரே கொரல்ல கத்தினா எப்டி இருக்கும் தெரியுமா?"

எனக்குத் தலைவலி வரும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மாலுக்குள் நுழைந்ததும் நான் மிரண்டுபோனேன். கீழ்த்தளத்தில் நடுவே மேடை. அதைச் சுற்றி அண்ணாந்து பார்த்தால் மாடிக்கு மாடி கண்ணாடித் தடுப்பு. ஒவ்வொரு தடுப்பிலும் பெண் பிள்ளைகள் சாய்ந்துகொண்டு நின்றார்கள். எல்லார் கையிலும் ஆட்டுவதற்கு ஒரு விளக்கு. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு காலேஜ் பெண், தலையில் முயல் காது வைத்த பட்டையை மாட்டிக்கொண்டு, பூந்தொட்டித் திண்டின்மேல் ஏறி நின்றாள். அவள்தான் தலைவி போலிருக்கிறது. விளக்கைத் தூக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் காட்டினால் சுற்றியிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். நடுவில் என் மகளும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். கடைக்கு வருகிறவர்களிடம் வளையல் அளவு கேட்கக்கூட வெட்கப்படுகிற பிள்ளை! நான் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, ஒரு கையில் என் பையும் மறு கையில் புளிச்சோற்று டப்பாவுமாக வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் யாரோ, கார் பின்பக்கக் கேட்டுக்கு வந்துவிட்டது என்று கத்தினார்கள். அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் திரும்பி ஓடியது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது, அடுத்த நிமிடம் அவளைக் காணவில்லை. நான் டப்பாவைத் தூணடியில் வைத்துவிட்டு எக்கி எக்கிப் பார்த்தேன். பின்னாலிருந்து தள்ளியதில் தூணோடு ஒட்டிக்கொண்டேன். கார் வந்தது என்பது வெறும் புரளி. செக்யூரிட்டிகள் ஓடிவந்து எஸ்கலேட்டரை நிறுத்தி, கயிறு கட்டி, கூட்டத்தை அங்கங்கே மறித்துவிட்டார்கள். கொஞ்சம் அடங்கிய பிறகு பார்க்கிறேன், என்னைச் சுற்றி இருந்த முகங்களில் என் பிள்ளை முகம் இல்லை.

போன் போட்டேன். அத்தனை பேரும் போனைக் கையில் வைத்திருக்கும்போது எனக்கு எங்கே லைன் கிடைக்கப் போகிறது? திரும்பத் திரும்பக் கட்டானது. சரி, இங்கேதான் எங்காவது இருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, மேடையில் குபுகுபுவென்று வெள்ளைப் புகையை விட்டார்கள். ஒத்திகையாம். அந்தப் புகை மெல்ல மேலே மாடிகளுக்கு ஏறியது. பம்பு என் பையில் இருக்கிறது, பிள்ளை எங்கே?

செக்யூரிட்டி ஒருவரிடம் ஓடினேன். "மைக் எங்க கையில இல்லம்மா. புரோகிராம்காரங்ககிட்ட சொல்லச் சொல்றேன், நீங்க இங்கியே நில்லுங்க" என்று போனார். பாவம், சொல்லியும் இருக்கிறார். மைக்கில் யாரோ ஏதோ அறிவித்தார்கள். அந்தக் கூச்சலில் மேடைக்கு எதிரே நின்ற எனக்கே ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்திப் பார்த்தேன். என் குரல் என் காதுக்கே எட்டவில்லை. அதற்குமேல் தாங்காமல், வெட்கத்தை விட்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

முயல் காதுக்காரி திண்டிலிருந்து குதித்து என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, என்னாச்சு? ஏன் அழறீங்க?"

"எம்பொண்ண காணோம்மா. அவளுக்கு வீசிங். பம்பு எங்கிட்ட இருக்குது. இவனுங்க புகைய வேற உட்டுட்டானுங்க..."

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. மகள் பெயரைக் கேட்டாள், சொன்னேன். உடனே தலையை ஆட்டினாள். "இந்தப் பேர்ல இங்க நிறைய பேர் இருப்பாங்க ஆன்ட்டி. தவிர இவ்ளோ கூட்டத்துல ஒரு பொண்ணு பேரக் கத்தறது நல்லதில்ல. யார் வேணா அதை வச்சு அவகிட்ட போகலாம். நீங்க எந்த ஊரு?"

"செஞ்சி."

"செஞ்சில இருந்து வேற யாராவது வந்திருப்பாங்களா?"

"இந்தக் கூத்துக்கா? எம்பொண்ண உட்டா வேற யாரு வரப்போறா?" என்றேன். அழுகையிலும் என் வாய் அடங்கவில்லை.

அவள் மறுபடி திண்டில் ஏறினாள். கூட இருந்தவர்களிடம் குனிந்து என்னவோ சொன்னாள். விளக்கைத் தூக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"செஞ்சி! அம்மா! இங்கே!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஐந்து பேரின் பெயரைக் கத்திய அதே தாளம், அதே ஒற்றைக் குரல். மைக்கால் முடியாததை அந்தப் பிள்ளைகள் தொண்டையால் செய்தார்கள். முதலில் எங்களைச் சுற்றி இருந்தவர்கள், பிறகு எஸ்கலேட்டரில் நின்றவர்கள், பிறகு முதல் மாடி. மேலே இருந்தவர்களுக்கு விஷயம் என்னவென்றே தெரியாது. ஏதோ புதுக் கோஷம் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் கை தட்டிக் கத்தினார்கள். மால் முழுக்க எங்கள் ஊர் பேர்! நான் அண்ணாந்து ஒவ்வொரு மாடியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது மாடியில், ஒரு செருப்புக் கடைக்கு எதிரே, மஞ்சள் பனியன் போட்ட ஒரு பெண் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். பிறகு தன் காலடியைக் காட்டினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தரையில் நீலச் சுடிதார். என் மகள்தான். ஓடிய கூட்டம் அவளையும் எஸ்கலேட்டரில் தள்ளிக்கொண்டு மேலே போயிருக்கிறது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்குவது கீழே இருந்த எனக்கே தெரிந்தது.

எஸ்கலேட்டருக்கு ஓடினேன். படிக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று நின்றிருந்தார்கள். யாரும் மனது வைத்தாலும் நகர இடமில்லை. லிஃப்ட் வாசலிலும் அதே கதி. நான் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றேன். முயல் காதுக்காரி என் தோளைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, உங்களால போக முடியாது. பம்ப குடுங்க, அது போயிடும்."

என்னால் கொடுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கை விரியவே இல்லை. இருப்பது ஒரே பம்பு. முகம் தெரியாத பிள்ளைகள், எல்லாம் விளையாட்டு வயது. "கீழ உழுந்துட்டா? மிதிச்சுட்டாங்கன்னா?" என்றேன்.

"விழாது ஆன்ட்டி. விட மாட்டோம்."

மேலே பார்த்தேன். மகள் தலையை முழங்காலில் கவிழ்த்துவிட்டாள். கொடுத்துவிட்டேன்.

முதல் படியில் நின்ற பெண் வாங்கினாள். தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் இருந்தவளிடம் நீட்டினாள். கொடுக்கிறவள் "செஞ்சி" என்றாள், வாங்குகிறவளும் "செஞ்சி" என்றாள். அப்படியே படிப்படியாக ஏறியது. மருதாணிக் கை, கடிகாரம் கட்டிய கை, நகத்துக்கெல்லாம் கறுப்புச் சாயம் பூசிய கை. முதல் மாடி திருப்பத்தில் திடீரென்று பம்பைக் காணவில்லை. எங்கள் குலதெய்வத்தை நான் எப்படியெல்லாம் கூப்பிட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அப்புறம் அடுத்த எஸ்கலேட்டரின் அடியில் ஒரு கை உயர்ந்தது, அதில் பம்பு இருந்தது. மஞ்சள் பனியன் எட்டி வாங்கிக் கீழே குனிந்தாள்.

மகள் அதை வாயில் வைத்தாள். நான் இங்கிருந்து என் வாயைத் திறந்து அவளோடு சேர்த்து மூச்சை இழுத்தேன். மறுபடி ஒருமுறை அடித்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் அடங்கியது. பிறகு கண்ணாடித் தடுப்புக்கு மேலே ஒரு கை வந்து, என் பக்கமாக அசைந்தது.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதே நேரம் பார்த்து மாலே இடிகிற மாதிரி ஒரு கூச்சல். அந்த ஐந்து பேரும் மேடைக்கு வந்துவிட்டார்கள். நான் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை. என் கண் இரண்டாவது மாடியை விட்டு நகரவில்லை.

நாலாவது மாடியில் அப்போதும் சிலர் விடாமல் "செஞ்சி, செஞ்சி" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ரோஸ் நிற முடிக்காரன் மைக்கை எடுத்து, என்ன ஏது என்று தெரியாமலே, "சென்ஜி!" என்று சிரித்தானாம். மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர்கள் போய்க் கூட்டம் கலைந்ததும், தூணடியில் கிடந்த டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். நாலு அறை விட வேண்டும் என்றுதான் படியேறினேன். கிட்டே போய் அவள் முகத்தைப் பார்த்ததும், "சாப்டியா?" என்று கேட்டுவிட்டேன். புளிச்சோற்று டப்பா என் கையில் இருக்கும்போது அவள் எங்கே சாப்பிட்டிருப்பாள்? மஞ்சள் பனியன் விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "மா, அவன் நம்ம ஊரு பேர சொன்னான்மா!" என்று அழுதாள். அவளும் அவர்களைக் கண்ணால் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து குரலை மட்டும்தான் கேட்டாள். எழுந்தால் மூச்சு முட்டும் என்று மஞ்சள் பனியன் அவளை எழுந்திருக்க விடவில்லை. அந்தப் பெண்ணும் கூடவே உட்கார்ந்து விசிறியிருக்கிறாள், அவளும் பார்க்கவில்லை. அந்த நாளுக்காக அவள் எவ்வளவு காலம் காத்திருந்தாளோ, எனக்குத் தெரியாது.

செருப்புக் கடை வாசலிலேயே வட்டமாக உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். முயல் காதுக்காரியும் வந்தாள். அப்போது இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி வந்து நின்றார்கள். "ஆன்ட்டி, நாங்க செஞ்சி பக்கத்துல அனந்தபுரம். நீங்க ஃபேன்சி ஸ்டோர் ஆன்ட்டிதான? செஞ்சின்னு கத்தினாங்களா, எங்களத்தான் தேடினு வந்துட்டாங்கன்னு பயந்துட்டோம். எங்க வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க ஆன்ட்டி!"

அவர்களையும் உட்காரவைத்துச் சோறு போட்டு, கூடவே கொஞ்சம் திட்டும் போட்டு, ஒரே பஸ்ஸில் ஊர் கூட்டி வந்தேன்.

பஸ்ஸில் மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். மூச்சு சீராக இருந்தது. பம்பு திரும்ப என் கைக்கு வந்திருந்தது. அதை என் பையில் போடப் போனவள், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, அவள் பையைத் திறந்து அதில் வைத்தேன்.

இப்போது அவள் புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போன் எடுக்கத் தாமதமானால் இன்னும் நான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டேதான் இருப்பேன். அப்போதெல்லாம் அந்த எஸ்கலேட்டரை நினைத்துக்கொள்வேன். அந்தக் கைகளில் ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஆனால் என் பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அந்தக் கூட்டமே கை நீட்டி உதவும் என்ற தைரியம் அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை.