லோகோ வரும் வரை

பழைய வீடியோ கேம் பெட்டிகளின் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓடவைத்துத் தருவது அவர் தொழில். வருகிறவர்கள் ஆட்டங்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார்கள். பெட்டியை எழுப்பும் பயாஸ் கோப்பு மட்டும் இருக்காது. திரை கறுப்பாகவே நிற்கும்.

"உயிரில்லாத உடம்புக்குச் சட்டை எதுக்குங்க?" என்று எரிந்து விழுவார். பிறகு அவர்களுடைய கேம் பெட்டியையே கேட்டு வாங்கித் திறந்து, அதிலிருந்து பயாஸ் கோப்பை எடுத்துக் கம்ப்யூட்டரில் போடுவார். திரையில் கம்பெனி லோகோ வந்து தொடக்க இசை கேட்டதும், "ஓடுது" என்று அணைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். பதினோரு வருஷமாக இதே பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் விடவில்லை. "இன்னைக்காவது என்கூட ஒரு ஆட்டம் ஆடுங்கப்பா."

அலுப்போடு உட்கார்ந்தார். லோகோ வந்தது, இசை கேட்டது. அவர் கை தன்பாட்டில் போய் சுவிட்சை அணைத்தது.

"அப்பா!"

"ஓடுதும்மா," என்றார் எழுந்துகொண்டே. "நல்லா ஓடுது."