முதுமையை அளக்கப் போனோம்

வயதானவர்களை உட்கார வைத்து, எழுப்பி, நடக்கவிட்டு அளப்பது என் பிழைப்பு. டாக்டர், மனநல நிபுணர், இன்ஜினியர், பிசியோதெரபிஸ்டான நான் என்று நாலு துறைக்காரர்கள் கூடி, முதுமையில் யார் தயவும் இல்லாமல் வாழ என்ன வேண்டும் என்று ஆராய்கிறோம். சர்வே என்று வீடு வீடாகக் கதவு தட்டிய சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது.

மாந்தோப்பு வைத்தியம்

நாகரசம்பட்டியில் முனிராஜ் என்ற பெரியவரிடம் கைவலுவை அளக்கும் கைப்பிடிக் கருவியைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னேன். முள் அசையவே இல்லை. நடக்கச் சொன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டார். பாவமாக இருந்தது. ரொம்பப் பலவீனம் என்று குறித்துக்கொண்டு மற்ற வீடுகளையும் முடித்துத் திரும்பினால், மனிதர் மாமரத்தின் மேல் நின்று காய் பறித்துக்கொண்டிருக்கிறார்! நான் அண்ணாந்து பார்த்ததும் கொஞ்சமும் கூசாமல் கேட்டார்:

"பென்சன் எப்பங்க வரும்?"

தெருவே படித்த பரீட்சை

ஓசூரில் பிலோமினா அம்மா தனியாக இருக்கிறார். கம்பெனி கேன்டீனில் சமைத்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் அடுக்குமாடியில் குடியிருக்கும் மகன் அருள், அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போகத் துடிக்கிறார். "இவங்க டெஸ்ட்ல நல்லா வந்தா இங்கயே இரும்மா. இல்லன்னா கிளம்பு" என்று சொல்லிவிட்டார். எங்கள் டெஸ்ட் அதற்கில்லை என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என்னென்ன சோதனை என்று முதல் நாளே சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். மறுநாள் போனால் தெருவில் வாசலுக்கு வாசல் நாற்காலி. கை ஊன்றாமல் உட்கார்ந்து எழும் பயிற்சி மும்முரமாக நடக்கிறது. எங்கள் ஆராய்ச்சியில் சேராத பெண்களும் விடவில்லை. எதிர்வீட்டு ஷாஹிதா நடுவில் நின்று அதட்டிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி போச்சு என்று தலையில் கை வைத்தேன். அவர் என்னைத் தேற்றினார்:

"கவலப்படாதீங்க மேடம், நம்ம தெருவுல ஒருத்தரையும் ஃபெயிலாக விடமாட்டோம்."

கைப்பிடி

பரீட்சையைப் பார்க்க அருளும் வந்திருந்தார். நாற்காலியில் பிலோமினா அம்மா அசத்திவிட்டார். நடையும் பிரமாதம். கைப்பிடியில்தான் மாட்டிக்கொண்டார். காலமெல்லாம் அண்டா தூக்கிய விரல்கள் மடங்க மறுத்தன. "பாத்தியாம்மா?" என்று அருள் அலமாரியைத் திறந்து சேலைகளை எடுக்க ஆரம்பித்தார். அம்மாவின் முகம் வாடிவிட்டது. 

அந்த நேரம் பார்த்து ஷாஹிதா உள்ளே வந்தார். யாரும் கேட்காமலே ஊறுகாய் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறதென்று ஓடினார். தினமும் நடப்பதுதானாம். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூடி தொறக்கலன்னா ஷாஹிதா வருவா. நான் விழுந்தா தெருவே ஓடி வரும். உன் மாடியில விழுந்தா யாருப்பா வருவா, லிஃப்ட்டா?"

அருள் சேலைகளைத் திரும்ப அடுக்கிவிட்டு, எங்களோடு வந்திருந்த இன்ஜினியரிடம் கேட்டார்:

"பாத்ரூம்ல புடிச்சிக்கக் கம்பி ஒண்ணு போடணும் சார், எந்த உயரத்துல போடலாம்?"

எதிர்வீட்டை அளக்க ஒரு கருவி வேண்டுமென்று டாக்டர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார், இன்னும் பதில் வந்தபாடில்லை.