கோழித்தீவன நோட்டீசுக்கு ஒன்பதரை மார்க்

நாமக்கல் சென்னியப்பன் இருபத்திரண்டு வருடங்களாக டீசல் டேங்கர் ஓட்டுகிறார். இதுவரை ஒரு லோடிலும் அளவு குறைந்ததில்லை. அவர் வீட்டில் ஓர் அறை முழுக்கப் பழைய தமிழ்க் காமிக்ஸ். "லாரிக்காரன் ஊட்ல பொம்மைப் புஸ்தகமா?" என்று யாராவது சிரித்தால், "ஏனுங்க, லாரிக்காரன்னா சீட்டுத்தான் ஆடோணுமா?" என்பார்.

பழைய காமிக்ஸுக்குத் தரச்சான்று கொடுக்க பெங்களூரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. புத்தகத்தை அனுப்பினால் தாள், மடிப்பு, கறை எல்லாம் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். பிறகு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, எண் போட்ட சீல் ஒட்டி அனுப்புவார்கள். தாங்களே மார்க் போட்ட இதழ்களை விற்பதும் உண்டு. பெட்டியைத் திறந்தால் மார்க் செல்லாது. அதனால் யாரும் திறப்பதில்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டுகிறார்கள்.

அந்த நிறுவனத்திடமிருந்து நேரடியாக வாங்கிய ஒரு பழைய தீபாவளி மலரைச் சென்னியப்பன் ஒரு வருடம் வைத்திருந்தார். பிறகு சேலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஜெபமலருக்குக் கொடுத்து, அவரிடமிருந்த இரண்டு இதழ்களை மாற்றாக வாங்கிக்கொண்டார். ஜெபமலர் செய்யக் கூடாததைச் செய்தார். பெட்டியின் தலைப்பக்கத்தை உடைத்துத் திறந்துவிட்டார். "படிக்கத்தானே புத்தகம்?" என்பது அவர் கட்சி.

அட்டை பழையது. உள்ளே இருந்தவை போன வருட மறுபதிப்பின் தாள்கள். தாள்களைத் தைத்திருந்த கம்பிப் பின் புதிதாகப் பளபளத்தது.

ஜெபமலர் படம் எடுத்துச் சேகரிப்பாளர்களின் வாட்ஸப் குழுவில் போட்டு, "இது எப்படி?" என்று மட்டும்தான் கேட்டார். பதில் சொன்னவர் குழுவை நடத்தும் இளஞ்செழியன்: "டேங்கர்ல டீசல் உருவுற கை. புஸ்தகத்துல உருவாதா?" கீழே இருபது சிரிப்புப் பொம்மைகள்.

அன்று சென்னியப்பன் சாப்பிடவில்லை. மறுநாள் சேலத்துக்குப் போய், உடைந்த பெட்டியை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் ஒட்டிய சீல் சரியாக இருந்தது. எண்ணும் சரி. பெட்டியின் அடி விளிம்பில் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் நெருடியது. அங்கே பிளந்து மறுபடி ஒட்டியிருந்தார்கள்.

"தூ!" என்றார். யாரைத் திட்டுகிறார் என்று ஜெபமலருக்குப் புரியவில்லை. "என்னையத்தானுங்க அம்மிணி. டேங்கர்ல திருடறவன் சீலத் தொடவே மாட்டான். மூடிக்குப் பின்னால இருக்கற கீலாணியத் தட்டி எடுத்து மூடியத் திறப்பான். நாங்க மொதல்ல கீலத் தடவிப் பாத்துட்டுத்தான் சீலப் பாப்போம். இதுல மட்டும் சீலப் பாத்துட்டு வாயப் பொளந்துட்டு நின்னுட்டேன்."

நிறுவனத்துக்கு ஃபோன் போட்டார். "சீல் சரியா இருந்தா எங்க பொறுப்பு முடிஞ்சது சார்" என்று பதில் வந்தது. நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் அதே வாக்கியம்.

"எனக்கு லோடு குறைஞ்சா நாந்தான் பதில் சொல்லோணும். உங்களுக்கு மட்டும் பொறுப்பு பாதி வழியிலயே முடிஞ்சிருமா?" என்று அவர் கத்தியபோது எதிர்முனை வைத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சேகரிப்பாளர்கள் கூடினார்கள். அந்த நிறுவனமும் கடை போட்டிருந்தது. கடையைப் பார்த்துக்கொண்டவர் அதன் பிரதிநிதி சபரிநாதன். காலை பதினொரு மணிக்குச் சென்னியப்பன் ஒரு சீல் போட்ட பெட்டியை அவரிடம் நீட்டினார்.

"இது அசலுங்களா?"

சபரிநாதன் எண்ணை ஸ்கேன் செய்தார். விளக்கடித்தார். "அசல்தான். ஒன்பதரை."

"மைக்குல சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

சபரிநாதன் சந்தோஷமாக மைக்கில் சொன்னார். சென்னியப்பன் பெட்டியை மேசை விளிம்பில் ஓங்கி அடித்தார். அட்டைக்குள்ளிருந்து விழுந்தது ஒரு கோழித்தீவனக் கம்பெனியின் நோட்டீஸ். முட்டைக்கோழிக்கு எந்த வாரத்தில் எவ்வளவு தீவனம் என்று அட்டவணையோடு இருந்தது. கூட்டம் சிரித்தது.

"நேத்து எங்கூட்ல வெச்சு நானே அடிப்பக்கமாத் திறந்து வெச்சேன். சீல் அப்படியேதான இருக்குது? இப்ப உங்க பொறுப்பு முடிஞ்சுதுங்களா?"

சபரிநாதனின் முகம் வெளுத்தது. ஆனால் இளஞ்செழியன் நாற்காலியில் ஏறி நின்றார். "பாத்தீங்களா! திறக்கத் தெரிஞ்ச ஆள் யாருன்னு அவரே காட்டிட்டாரு!"

சிரிப்பு திசை மாறியது. யாரோ விசிலடித்தார்கள். தன் பெயரைக் காப்பாற்றத் திறந்த பெட்டியே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

"கீழ இறங்குங்க தம்பி" என்றார் ஜெபமலர். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். "இது இப்ப, ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி இவர் கடையில வாங்கினது. பில் இருக்கு. அண்ணன் கைபடவே இல்ல." பெட்டியின் அடியைத் தடவிவிட்டுச் சபரிநாதனின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். "நெருடுதா? உங்க கையாலயே உடைங்க."

சபரிநாதன் உடைக்கவில்லை. பெட்டியைச் சட்டென்று மேசைக்கு அடியில் வைக்கப் பார்த்தார். முன்வரிசையில் நின்றவர்கள் பிடுங்கி உடைத்தார்கள். உள்ளே மறுபதிப்புத் தாள்கள். புதுப் பின்.

அதற்குமேல் ஒருவரும் சிரிக்கவில்லை. "எம்பொட்டியப் பாருங்க" என்று ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு சென்னியப்பனைச் சூழ்ந்தார்கள். சபரிநாதன் அதற்குள் பெங்களூருக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார். சென்னியப்பன் ஒவ்வொரு விளிம்பாகத் தடவினார். ஏழாவதாக வந்தவர் இளஞ்செழியன். கையில் இரண்டு பெட்டிகள்.

"அண்ணா, இதையும் கொஞ்சம்..."

சென்னியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மொதல்ல குரூப்புல எழுதுங்க. அப்புறந்தான் பொட்டி."

இளஞ்செழியன் அங்கேயே நின்று தட்டினார். சென்னியப்பன் ஃபோனை வாங்கிப் படித்தார். 'சிறு தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது' என்றிருந்தது.

"புரிதலா? என்னத்தப் புரிஞ்சுக்கிட்டு டீசல் உருவறவன்னு எழுதுனீங்க? பொய் சொன்னேன்னு எழுதுங்க. எம்பேரும் வரோணும், டேங்கரும் வரோணும்."

"எல்லாரும் பாக்கறாங்கண்ணா."

"அன்னைக்கும் எல்லாருந்தானுங்க பாத்தாங்க."

பின்னால் நின்றவர்கள் "சீக்கிரம் எழுதுப்பா" என்று சத்தம் போட்டார்கள். இளஞ்செழியன் எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டத் தொடங்கினார்.