நான் சொன்ன ஒட்டு

"ஒட்டு நல்லாப் பிடிச்சிருக்கு, அக்கா" என்றேன். டிரெஸ்ஸிங்கைப் பிரித்த சந்தோஷத்தில் சொன்னது. கட்டிலில் இருந்த வெள்ளையம்மாள் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப எப்ப வளரும், நர்சம்மா?"

"என்ன வளரும்?"

"மார்புதேன். எங்க தோப்புல மாங்கன்னுக்கு ஒட்டுக் கட்டுனா மூணு மாசத்துல தளிர் விட்டுரும். இதுக்கு எம்புட்டு நாளாகும்?"

கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் வைத்தேன்.

அறுபதுகளில் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சர்ஜிகல் வார்டு நர்சாக இருந்தேன். எதையும் இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுகிற ஆள் நான். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளையம்மாள் ஆத்தூர் பக்கம். கத்தரிக்காய்க் கூடையோடு திண்டுக்கல் சந்தைக்கு வருபவர். மார்பில் வந்த கட்டி புற்று என்று தெரிந்த பிறகும், மார்பை எடுக்கும் ஆபரேஷன் வேண்டாம் என்று இரண்டு தடவை எழுந்து போய்விட்டார். "ஒரு பக்கம் மொட்டையா வச்சுக்கிட்டு சந்தையில எப்பிடிக் குனிஞ்சு நிமிர்றது?" என்பார். மூன்றாவது தடவை வந்தபோது, அவரைச் சம்மதிக்க வைக்கும் வேலையை டாக்டர் என்னிடம் விட்டார். தோலையும் நிறைய எடுக்க வேண்டியிருந்ததால் அந்த இடத்தை மூட ஸ்கின் கிராஃப்ட் உண்டு. நான் சொன்னது இவ்வளவுதான்: "பயப்படாதீங்கக்கா, தொடையிலருந்து தோல் எடுத்து ஒட்டுப் போட்டுருவாங்க." அவர் முகம் தெளிந்தது. "ஒட்டுப் போடுவாகளா? அப்பச் சரி" என்று கைநாட்டு வைத்தார். வார்டு முழுக்க என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். "வளராதுக்கா. நான் சொன்னது கிழிஞ்ச துணிக்குப் போடுற ஒட்டு." அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் அந்த மனிதருக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன். மறுநாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு வெள்ளையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மெட்ராஸ்ல ஒரு ஆபரேஷன் இருக்கும்மா. வயித்துச் சதையக் குழாய் மாதிரி சுருட்டி, கொஞ்சங்கொஞ்சமா மேல கொண்டாந்து வைப்பாங்க. நாலஞ்சு தடவ மேசையில படுக்கணும், மாசக்கணக்காகும். அப்பவும் ஒரு மேடுதான் வரும், பழைய மார்பு வராது. நோய் திரும்பலைன்னு பாத்துட்டுத்தான் அதையும் செய்வாங்க. இல்லேன்னா ரவிக்கைக்குள்ள திண்டு வச்சுக்கலாம். ஒண்ணுமே வைக்காமலும் இருக்கலாம். எதுக்கும் அவசரமில்ல."

"இன்னும் நாலு தடவ அறுக்கணுமா? திண்டே போதும்ங்க" என்றார் வெள்ளையம்மாள்.

இலவம் பஞ்சு அடைத்து நானே தைத்தேன். அவர் போட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்தார். திண்டு மேலே ஏறிவிட்டது. "நர்சம்மா, இது கழுத்துக்கு வருதே" என்று சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். பஞ்சுக்குக் கனம் போதாது என்று கண்டுபிடித்ததும் அவர்தான். ஊரிலிருந்து கேழ்வரகு வரவழைத்து, மறுபக்கத்துக்குச் சமமாகக் கையாலேயே எடை பார்த்துப் பஞ்சுக்கு நடுவில் போட்டார். நான் ரவிக்கைக்குள் பை வைத்துத் தைத்தேன். இந்த முறை அசையவில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் கேட்டேன்: "என் மேல கோவமாக்கா?"

"இல்லாம? சுவத்தப் பாத்துக்கிட்டு ஒங்களத்தேன் வஞ்சேன். நீங்க சரியாச் சொல்லியிருந்தா அன்னைக்கும் ஓடியிருப்பேன், செத்தும் போயிருப்பேன். அதுக்காக அடுத்து வாரவகிட்ட இப்பிடிச் சொல்லாதீக."

அதற்குப் பிறகு, நான் சொன்னதை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்லாமல் கைநாட்டு வாங்கியதில்லை.

செக்கப்புக்கு வரும்போதெல்லாம் வெள்ளையம்மாள் வார்டுக்குள் எட்டிப் பார்ப்பார். ஒருநாள் இதே ஆபரேஷனுக்குப் பயந்து ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். வெள்ளையம்மாள் ஸ்கிரீனை இழுத்து மறைத்துவிட்டு, ரவிக்கையைத் திறந்து காட்டினார்.

"நல்லாப் பாத்துக்க, தாயி. இது மாங்கன்னு ஒட்டு இல்ல. வளராது. ஆனா நான் உசுரோட இருக்கேன்ல?"

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, ஆபரேஷனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.