ஏலக்காரம்மாவின் முன்பல்

ராயபுரத்துப் பல் ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த நாற்காலியில் சாய்ந்திருந்தவர், காசிமேட்டில் மீன் ஏலம் விடும் அம்மா. அகலமான முகம், கட்டைக் குரல். வெற்றிலைக் காவி ஏறிய பற்களுக்கு நடுவே முன்பல் ஒன்று மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, பளபளப்பே இல்லாமல் இருந்தது. அது பல்லின் மேல் தற்காலிகமாக மாட்டிய உறை, கேப். நானாக இருந்தால் முந்தானையால் வாயை மூடியிருப்பேன். அவர் வாய் திறந்தே சிரித்தார்.

டாக்டர் பல் நிறங்கள் வரிசையாக ஒட்டிய அட்டையைக் கொண்டுவந்தார். "நிரந்தரக் கேப் நிஜப் பல் மாதிரியே மினுங்கும்மா. நல்ல வெள்ளையாப் போட்டுடலாம். மத்த பல்லையும் கிளீன் பண்ணிக்குங்க."

"மத்த பல்லு இன்னா தப்பு பண்ணுச்சு டாக்டரே? ஏலம் கூவச்சொல்லோ ஒரு பல்லு மட்டும் பல்பு மாதிரி எரிஞ்சா, எவன் மீன பார்ப்பான்? இத்த மாதிரியே போடு" என்று பக்கத்துப் பல்லைத் தட்டிக் காட்டினார்.

"காவி கலர்ல யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

"நான் கேக்குறேன்ல."

அட்டையின் கடைசி மஞ்சளும் அவருக்குப் போதவில்லை. அதன்மேல் கறை தீட்டித் தருவதாக டாக்டர் ஒப்புக்கொண்ட பிறகுதான் எழுந்தார்.

அடுத்த முறை நான் போனபோது, புதுக் கேப்போடு வெளியே வந்துகொண்டிருந்தார். நான் அவர் வாயையே பார்ப்பதைக் கண்டு நின்றுவிட்டார்.

"இன்னாக்கா, தேடுறியா? தேடு."

வாயை அகலத் திறந்து காட்டினார். எல்லாப் பல்லும் ஒரே காவி, ஒரே மினுக்கம். பின்னால் ஆட்கள் வழிக்காகக் காத்து நின்றார்கள். எது புதுசுன்னு தெரியலம்மா என்று நான் வாய்விட்டுச் சொல்லும்வரை அவர் வாயை மூடவில்லை.